தொடங்குகிற ஐந்து, முடிக்கிற ஐந்து: புளோரிடா அணி பற்றிக் கேள்வி பதில்

2025 ஏப்ரல் 8, செவ்வாய்க்கிழமை காலை ஆறேகால் மணி. மத்திய வீதியில் என் கடைச் சட்டரைப் பாதி தூக்கி வைத்து, சீனி மூட்டையில் ஒரு கைபேசியைச் சாய்த்து, ஏழு பேர் குந்தியிருந்து பார்த்தோம். அமெரிக்காவில் அப்போது திங்கள் இரவு. சான் அன்டோனியோ நகரில் கல்லூரிக் கூடைப்பந்து இறுதிப் போட்டி. புளோரிடா பல்கலைக்கழகம் 65, ஹூஸ்டன் பல்கலைக்கழகம் 63.

அக்காவின் மகன் புளோரிடாவில் படிக்கிறான் என்பதற்காகப் பிடித்த பைத்தியம் இது. இப்போது திருகோணமலையில் பல பேருக்குத் தொற்றிவிட்டது. இதை எழுதுவது 2025 ஆகஸ்டில்; நாலு மாதமாகியும் யார் ஆடியிருக்க வேண்டும், யார் இருந்திருக்க வேண்டும் என்ற சண்டை ஓயவில்லை. நான் பழைய ஆட்டக்காரன், கொஞ்சக் காலம் ரெஃப்ரியாகவும் நின்றவன். ஆகவே கேள்விகளை என் தலையில் கட்டினார்கள். பத்துப் பேர் கேட்டதை ஒன்றாக்கி, திட்டி எழுதியதைத் தள்ளிவிட்டு, மிச்சத்துக்குப் பதில் இதோ. கேட்டவரின் ஊர் முன்னால் இருக்கிறது.

உப்புவெளி: அண்ணா, இறுதிப் போட்டியின் முதல் பாதியில் ஒரு புள்ளிகூட எடுக்காத வால்டர் கிளேட்டனுக்கு எப்படிச் சிறந்த வீரர் விருது? 18 எடுத்த வில் ரிச்சர்டுக்கு அல்லவா கொடுத்திருக்க வேண்டும்?

தம்பி, அந்த விருது இறுதி ஆட்டத்துக்கு மட்டும் உரியதல்ல. கடைசி நான்கு அணிகள் மோதுகிற கட்டம் முழுவதையும் பார்த்துக் கொடுப்பது. அரையிறுதியில் ஓபர்ன் அணிக்கு எதிராகக் கிளேட்டன் 34 எடுத்தான். அதற்கு முந்திய ஆட்டத்தில் டெக்சாஸ் டெக்குக்கு எதிராக 30.

இறுதியில் எடுத்தது 11, அத்தனையும் இரண்டாம் பாதியில். ஆனால் 5 ரிபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது), 7 அசிஸ்ட் (கூட்டாளி கூடை போடப் பந்தைக் கொடுப்பது) இருக்கிறதே, அதை ஏன் விட்டுவிட்டாய்? கிளேட்டனுக்கு ஸ்க்ரீன் போடும்போதெல்லாம் (அவனைக் காக்க வருபவனைக் கூட்டாளி உடம்பால் மறிப்பது) ஹூஸ்டன்காரர் இரண்டு பேராக அவன்மேல் பாய்ந்தார்கள். இரண்டு பேர் ஒருவனைப் பிடித்தால், மிச்ச நாலு பேரைக் காக்க மூன்று பேர்தான். அந்த நேரம் வீம்புக்கு எறியாமல் பந்தை விட்டுக்கொடுப்பதும் ஆட்டம்தான்.

அதற்காக ரிச்சர்டைக் குறைத்துச் சொல்லவில்லை. முதல் பாதியில் அணியைத் தாங்கியது அவன்தான். அவன் இல்லாவிட்டால் இடைவேளையோடு சட்டரை முழுதாகத் தூக்கிவிட்டு நான் வியாபாரம் பார்க்கப் போயிருப்பேன்.

ஓர்ஸ் ஹில்: சேர், தோமஸ் ஹோவைப் பெஞ்சில் இருத்தி ரூபன் சின்யேலுவைத் தொடக்க ஐவரில் போட்டது கோச்சின் பிடிவாதம் என்கிறேன் நான். ஒத்துக்கொள்வீர்களா?

மாட்டேன். இந்த ஒரு கேள்விக்காகத்தான் நான் பதில் எழுதவே சம்மதித்தேன்.

புளோரிடாவின் தொடக்க ஐவர்: கிளேட்டன், அலைஜா மார்ட்டின், ரிச்சர்ட், அலெக்ஸ் கொண்டன், சின்யேலு. ஹோ பெஞ்சிலிருந்து வருபவன். புள்ளிக் கணக்கை மட்டும் பார்த்தால் நீங்கள் சொல்வது நியாயம். ஆனால் கல்யாண வீட்டில் பந்தல் போடுகிறவனேதான் கடைசிப் பந்திக்கும் பரிமாற வேண்டும் என்று யாராவது கேட்பார்களா?

சின்யேலு நைஜீரியாக்காரன், மலை மாதிரி உடம்பு. அவன் வேலை ஆட்டம் சூடு பிடிக்குமுன்பே தொடங்கிவிடும். எதிரணியின் பெரியவனை முட்டித் தள்ள வேண்டும், நல்ல ஸ்க்ரீன் போட வேண்டும், தேவைப்பட்டால் இரண்டு ஃபவுலை வாங்கிக்கொண்டு போய் உட்கார வேண்டும். பிறகு ஹோ வருவான். அவனுக்குத் தூரத்திலிருந்து எறியத் தெரியும் என்பதால் எதிரணி அவனையும் தேடி வெளியே வந்தாக வேண்டும். கூடையடி காலியாகும், கிளேட்டன் உள்ளே நுழைவான். டெக்சாஸ் டெக் ஆட்டத்தில் மூன்று நிமிடத்துக்கும் குறைவாக இருக்கும்போது புளோரிடா 9 புள்ளி பின்னால். அடுத்தடுத்து இரு தடவை தூரத்திலிருந்து மூன்று-புள்ளி போட்டு வாசலைத் திறந்தவன் இந்த ஹோதான். அந்த ஆட்டத்தில் அவன் எடுத்தது 20 புள்ளி, 11 ரிபவுண்ட். முடிவு 84-79.

தொடக்கத்தில் பெயர் வாசிக்கும்போது கைதட்டு வாங்குவது ஒன்று. கடைசி நாலு நிமிடம் யார் நிற்கிறார்கள் என்பது இன்னொன்று. கோச் யாரை நம்புகிறார் என்பதை இரண்டாவதுதான் சொல்லும்.

நம்பாவிட்டால் நீங்களே சோதித்துப் பாருங்கள். அடுத்த முறை நம்மூர் ஆட்டம் பார்க்கப் போகும்போது ஒரு சீஆர் கொப்பி கொண்டுபோங்கள். ஒவ்வொரு பையனும் உள்ளே போகும் நேரத்துப் புள்ளியையும் வெளியே வரும் நேரத்துப் புள்ளியையும் குறியுங்கள். அவன் நின்றபோது அணி எத்தனை ஏறியது, எத்தனை இறங்கியது என்று கழித்துப் பாருங்கள். நான் பல வருடமாகச் செய்கிறேன். நிறையப் புள்ளி எடுக்கிற பையனுக்குக் கணக்கு கீழே போயிருக்கும். யாரும் பெயர் சொல்லாத ஒருவனுக்கு மேலே நிற்கும். ஒரு ஆட்டத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். ஏழெட்டு ஆட்டமாவது வேண்டும்.

நிலாவெளி: அண்ணா, நான் வலைப்பந்து ஆடுகிறவள். எங்களுக்கு எறிபவரிடமிருந்து மூன்றடி தள்ளி நிற்க வேண்டும். கடைசி நேரத்தில் கிளேட்டன் முகத்துக்கு முன்னாலேயே பாய்ந்தானே, அது ஃபவுல் இல்லையா?

நல்ல கண் உனக்கு, தங்கச்சி. உங்கள் ஆட்டத்தில் அது 0.9 மீற்றர் விதி. கூடைப்பந்தில் அப்படித் தூரம் கிடையாது. எறிபவரின் உடம்பில் மோதக்கூடாது, அவர் இறங்குகிற இடத்தில் காலை வைக்கக்கூடாது, அவ்வளவுதான்.

என்ன நடந்தது என்று மெதுவாகப் பார்ப்போம். ஹூஸ்டன் 2 புள்ளி பின்னால், பந்து அவர்களிடம். எமானுவேல் ஷார்ப் மூன்று-புள்ளி எறியத் துள்ளினான். கிளேட்டன் ஓடி வந்த வேகத்தில் கையை உயர்த்திப் பாய்ந்தான். உடம்பு மட்டும் பக்கவாட்டில் விலகிப் போனது. எறிந்தால் தடுத்துவிடுவான் என்று ஷார்ப்புக்கு அந்தரத்திலேயே விளங்கிவிட்டது. பந்தை வைத்துக்கொண்டு இறங்கினால் டிராவல், அதாவது பந்தோடு நகர்ந்த குற்றம். ஆகவே கீழே விட்டுவிட்டான். பந்து அவன் காலடியிலேயே குதிக்கிறது, ஆனால் அவனே முதலில் தொட்டால் அதுவும் விதிமீறல். வேறொரு ஹூஸ்டன்காரன் வந்தால்தான் உண்டு. சொந்தப் பந்தைப் பார்த்துக்கொண்டு கைகட்டி நிற்கிற மாதிரி ஒரு நிலை! கொண்டன் தரையில் விழுந்து அதைப் பிடித்தான், நேரம் முடிந்தது. அவன் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரத்துப் பையன், சின்ன வயதில் அவர்கள் நாட்டுக் காற்பந்து ஆடியவன். விழுந்து புரள்வது அங்கே பழகியது.

அந்தப் பாய்ச்சலுக்குப் புள்ளிப் பட்டியலில் ஒரு கோடுகூட விழாது. முதல் கேள்வி கேட்ட தம்பி இதையும் வாசிக்கட்டும்.

பாலையூற்று: ஏன் நாலு கால்பகுதி இல்லாமல் இரண்டு பாதி? ஒரு ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்காகக் கிடைக்கும் தடையில்லாத எறி) தவறினால் மற்றதைக் கொடுக்காமல் விடுவது என்ன கணக்கு?

அமெரிக்காவில் ஆண்கள் கல்லூரி ஆட்டம் 20 நிமிடம் வீதம் இரண்டு பாதி. எறிவதற்கு 30 செக்கன். நாம் ஆடும் சர்வதேச விதியில் 10 நிமிடம் வீதம் நாலு, எறிவதற்கு 24 செக்கன். அங்கே ஒரு பாதியில் எதிரணியின் ஏழாவது ஃபவுலிலிருந்து, முதலாவது விழுந்தால்தான் இரண்டாவது. பத்தாவதிலிருந்து இரண்டும் உறுதி. நமக்கு ஒரு கால்பகுதியில் ஐந்தாவதிலிருந்தே இரண்டு.

ஒரு அப்பா, அன்புவழிபுரம்: என் மகன் பயிற்சிக்கு ஒரு நாள் தவறியதில்லை. ஆட்டத்தில் ஐந்து நிமிடம்கூடக் கொடுக்கிறார்கள் இல்லை. கோச்சிடம் போய்க் கேட்கவா?

போக வேண்டாம் ஐயா. மகன் போகட்டும். "எனக்கு ஏன் இடமில்லை" என்று கேட்கக்கூடாது. "எதைத் திருத்தினால் இடம் கிடைக்கும்" என்று கேட்கச் சொல்லுங்கள். முதல் கேள்விக்குக் கோச் கோபப்படுவார். இரண்டாவதுக்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

என் கதை ஒன்று. பதினேழு வயது. மட்டக்களப்பில் ஆட்டம், நான் பெஞ்சில். என்னைவிடக் கட்டையான ஒருவன் என் இடத்தில் ஆடுகிறான். கோபத்தில் சப்பாத்து நூலை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு நிமிடம் இருக்கும்போது கோச் என் பெயரைக் கூப்பிட்டார். குனிந்து நூலைக் கட்டத் தொடங்கினேன். நிமிர்ந்தபோது வேறொருவன் உள்ளே போய்விட்டான். அந்தக் கோச் என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேன். எந்தக் கல்லூரி, யார் கோச் என்று யாரும் கேட்காதீர்கள்.

மகனுக்குப் புளோரிடாவின் மைக்கா ஹாண்ட்லொக்டன் கதையைச் சொல்லுங்கள். 2024 மார்ச்சில் ஆட்டத்தின் நடுவில் கால் முறிந்தது. அடுத்த சீசன் முழுவதும் வெளியே இருப்பது என்றுதான் முடிவு. ஆனால் அணியில் ஆள் குறைந்தபோது, 2025 பெப்ரவரியில் திரும்பி வந்தான். பெரிய புள்ளி ஒன்றும் எடுக்கவில்லை, ஆனால் கூப்பிட்ட நேரம் அவன் ஆயத்தமாக இருந்தான்.

மூதூர்: இவங்கள் மாணவரா, கூலிக்கு ஆடுறவங்களா? ஒவ்வொருத்தனும் வேற வேற கல்லூரியிலிருந்து வந்தவன் என்கிறாங்களே?

உண்மைதான். தொடக்க ஐவரில் கொண்டன் மட்டும்தான் புளோரிடாவிலேயே தொடங்கியவன். கிளேட்டன் ஐயோனாவிலிருந்து, ரிச்சர்ட் பெல்மொண்டிலிருந்து, மார்ட்டின் புளோரிடா அட்லாண்டிக்கிலிருந்து, சின்யேலு வாஷிங்டன் ஸ்டேட்டிலிருந்து வந்தவர்கள். 2021 ஜூலையிலிருந்து வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்கு விற்றுச் சம்பாதிக்கலாம். 2025 ஜூலையிலிருந்து பல்கலைக்கழகமே நேரடியாகப் பணம் கொடுக்கலாம்.

எனக்கு இதில் குறை இல்லை. டிக்கெட் விற்பவர், தொலைக்காட்சிக்காரர், கோச் எல்லாரும் காசு உழைக்கும்போது வேர்வை சிந்துகிறவன் மட்டும் சும்மா ஆட வேண்டுமா? ஒரு கவலைதான்: வருடா வருடம் அணி கலைந்தால் யாரை நினைத்துச் சண்டை பிடிப்பது?

திருக்கடலூர்: கிளேட்டனா, டியூக் பல்கலைக்கழகத்தின் கூப்பர் ஃபிளாக்கா?

திறமையில் ஃபிளாக். பதினெட்டு வயதில் அந்த ஆட்டம்! 2025 ஜூனில், தொழில்முறை லீக்கான என்பிஏ அணிகள் புதியவர்களை வரிசையாகத் தெரிவுசெய்தபோது, டலஸ் அவனை முதலாவதாக எடுத்தது. கிளேட்டன் 18ஆவதாகத்தான் போனான். ஆனால் அரையிறுதியில் ஹூஸ்டனுக்கு எதிராக டியூக் கைக்கு வந்த ஆட்டத்தைக் கடைசி நிமிடத்தில் விட்டுவிட்டது, 70-67. ஃபிளாக் 27 எடுத்தும் காப்பாற்ற முடியவில்லை. ஒரு ஆட்டத்தை முடிக்க ஒருவனைத் தா என்றால் நாலு வருடம் ஆடிப் பழுத்தவனைத்தான் கேட்பேன்.

கிண்ணியா: அண்ணன், கிரிக்கெட்டை விட்டுப்போட்டு இந்த அமெரிக்க ஆட்டம் நமக்கு எதுக்கு?

கிரிக்கெட் மட்டும் நிலாவெளியில் முளைத்ததா?

கூடைப்பந்து 1891இல் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற உடற்பயிற்சி ஆசிரியர் உண்டாக்கியது. கிழக்கு மாகாணத்தில் இதை ஊன்றி வளர்த்தவர்களில் அமெரிக்க இயேசு சபைக் குருமாருக்குப் பெரிய பங்கு உண்டு. லூசியானாவில் பிறந்த யூஜின் ஹெபர்ட் அடிகளார் 1948இல் இலங்கைக்கு வந்தார். மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரிப் பையன்களுக்குக் கூடைப்பந்து பழக்கினார். 1990 ஆகஸ்டில், வன்செயல் காலத்தில், வழியில் காணாமல் போனார். 2025 ஆகஸ்டோடு 35 வருடம். லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம் புளோரிடா ஆடும் அதே லீக்கில்தான் ஆடுகிறது. அந்த ஆட்டம் வரும்போது எனக்கு அவர் ஞாபகம் வரும்.

சாம்பல்தீவு: கச்சான் காற்றில் மூன்று-புள்ளி எறிவது எப்படி?

எறியாதே. உள்ளே போ. பின்னேரம் காற்று விழுந்த பிறகு பழகு.

டொக்யார்ட் வீதி: கிளேட்டன், மார்ட்டின், ரிச்சர்ட் மூன்று பேரும் போய்விட்டார்கள். 2025 நவம்பரில் தொடங்கும் சீசனுக்குப் புளோரிடாவில் யார் இருக்கிறார்கள்?

கொண்டன், ஹோ, சின்யேலு மூவரும் நிற்கிறார்கள். நாட்டில் இதைவிடப் பலமான முன்வரிசை இருந்தால் காட்டுங்கள். பின்வரிசைக்கு ஆர்கன்சாவிலிருந்து பூகி ஃப்லாண்டும் பிரின்ஸ்டனிலிருந்து சேவியன் லீயும் வருகிறார்கள். லீ கனடாக்காரன். மார்ட்டினை டொரண்டோ என்பிஏ அணி எடுத்திருப்பதால் ஸ்காபரோவிலுள்ள என் மச்சானுக்கு இரண்டு பக்கமும் கொண்டாட்டம்.

ஹோ இனித் தொடக்க ஐவரில் வருவான், ஓர்ஸ் ஹில் சேர் சந்தோஷப்படலாம். என் பயம் வேறு. கிளேட்டனிடம் பந்தைக் கொடுத்துவிட்டு மற்ற நாலு பேரும் நிம்மதியாக நின்றார்களே, அந்த இடத்தில் யார்? இரண்டு புதியவரும் பந்தைக் கையில் வைத்திருந்தே பழகியவர்கள். டிசம்பர் வரைக்கும் தடுமாறுவார்கள் என்று நினைக்கிறேன். அந்தத் தடுமாற்றத்தைப் பார்த்து கோச்சைத் திட்டி எனக்குக் கடிதம் போடாதீர்கள்.

பெயர் போடாதவர்: போன கிழமை நம்ம பையன்கள் ஆடும்போது கோட்டைப் பக்கத்து மான் ஒன்று கோர்ட்டுக்குள் வந்து, பந்து அதன் முதுகில் பட்டுக் கூடைக்குள் விழுந்தது. புள்ளி உண்டா?

நான் விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தியிருப்பேன். புள்ளி இல்லை. பந்து யார் கையிலிருந்து போனதோ அவர்களுக்கே திரும்பக் கொடுத்திருப்பேன். ஆனால் அந்த மான் எந்த அணிப் பக்கம் நின்று ஆடியது என்று எழுதுங்கள், நம் பின்வரிசையிலும் ஒரு இடம் காலியாக இருக்கிறது.