போரும் தட்டுப்பாடும் சேர்ந்து வந்தால் மக்கள் தலைவரைத் தாங்குவார்களா, தள்ளிவிடுவார்களா?

கேள்வி கேட்டவர் இரண்டு உதாரணம் தந்திருக்கிறார். ஒருவர் சர்ச்சில். 1945-இல் ஹிட்லரை வென்ற கையோடு தேர்தலில் தோற்றவர். மற்றவர் அப்பா புஷ். 1991 வளைகுடாப் போர் முடிந்தபோது கருத்துக்கணிப்பில் 89 வீத ஆதரவு இருந்தும் அடுத்த வருடமே கிளின்டனிடம் தோற்றார். போரில் தூக்கிப்பிடித்த சனம் விலைவாசி என்றதும் ஏன் கைவிடுகிறது என்று கேட்கிறார்.

இவர்கள் இருவரைப் பற்றியும் எழுத இங்கே ஆட்கள் இருக்கிறார்கள். நான் யாழ்ப்பாணத்துக்காரன். 1990-இல் எனக்குப் பன்னிரண்டு வயது. அந்த நாளில் எங்கள் வீட்டுக்குக் கருத்துக்கணிப்பு எடுக்க யாரும் வரவில்லை, குண்டு போடும் பொம்மர் விமானம்தான் வந்தது. அங்கிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

என் கணக்கு இது: தட்டுப்பாடு தானாக எந்தத் தலைவரையும் விழுத்தாது. இதை எங்கள் தலையில் கட்டினவன் யார் என்று சனம் மனதுக்குள் ஒரு தீர்ப்பு எழுதும். விழுத்துவது அந்தத் தீர்ப்புத்தான். ஆனால் சண்டை நடக்கிற காலத்தில் அதை வாய்திறந்து வாசிக்காது.

1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கியதும் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பெற்றோல், பற்றறி, சீமெந்து, பசளை என்று அரசாங்கத்தின் தடைப்பட்டியல் நீண்டுகொண்டே போனது. மண்ணெண்ணெய் கிடைத்தால் நெருப்பு விலை. அப்போது வந்ததுதான் ஜாம் போத்தல் விளக்கு. அடியில் கொஞ்சம் பஞ்சு, அது நனைகிற அளவுக்கு எண்ணெய், ஒரு மெல்லிய திரி, அவ்வளவுதான். போத்தலே சிமினி. எங்கள் வயதுக்காரர் பலர் அந்த வெளிச்சத்தில் படித்துத்தான் சோதனை எழுதினோம். மோட்டார் சைக்கிள்கள் துளி பெற்றோலில் உயிர்பெற்று, பிறகு மண்ணெண்ணெயில் புகை கக்கிக்கொண்டு ஓடின. சவர்க்காரத்துக்குப் பதில் பனங்காய். பத்திரிகை கொப்பித்தாளில் வந்தது.

வானொலிக்குப் பற்றறி இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவில் வயரைக் கொழுவி, பெடலைக் கையால் சுற்றினால் பிபிசி தமிழோசை கேட்கும். சுற்றுவது என் வேலை. செய்தி சுவையாக இருந்தால் நானும் காதைக் கொடுத்துவிடுவேன், கை தளர்ந்துவிடும், அறிவிப்பாளரின் குரல் கிணற்றுக்குள் விழுந்த மாதிரி இறங்கும். "எடேய், சுத்தடா!" என்று அப்பு கத்துவார். அம்மாவின் தகப்பனைத்தான் அப்பு என்கிறேன், கோண்டாவிலில் தோட்டக்காரர்.

சனத்தை இறுக்கினால் சனம் இயக்கத்தை, அதாவது விடுதலைப் புலிகளை, வெறுக்கும் என்று கொழும்பில் நினைத்திருக்க வேண்டும். எங்கள் ஒழுங்கையில் நடந்தது வேறு. சவர்க்காரம் இல்லாத ஒவ்வொரு நாளும் அரசாங்கத்தின் கணக்கில்தான் ஏறியது. காரணம் மிகச் சாதாரணம். தடை போட்டது யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அத்தோடு டொக்டரும் சைக்கிள், அதிபரும் சைக்கிள், அப்புவும் சைக்கிள். எல்லோருக்கும் ஒரே கஷ்டம் என்றால் மனம் பொறுத்துக்கொள்ளும் போலிருக்கிறது.

அதற்காக இயக்கத்தின் மீது முறைப்பாடே இல்லை என்று எழுதினால் பொய். குடும்பத்துக்கு இரண்டு பவுண் தங்கம் கேட்டார்கள். வெளியே போகப் பாஸ் கேட்டார்கள். அதைப் பற்றி அம்மா குசினிக்குள் மட்டும்தான் பேசுவார். எங்கள் ஊரில் கிடுகு வேலிக்குத்தான் காது அதிகம்.

1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்து முஸ்லிம் சனத்தை இரண்டு மணி நேரத்தில் வெளியேறச் சொன்னார்கள். தலைமுறை தலைமுறையாக இருந்த சனம் கையில் கிடைத்ததோடு போனது. தமிழ்ச் சனம் என்ன சொன்னது? ஒன்றும் சொல்லவில்லை. பயம் பாதி. மீதிப் பாதி என்னவென்று நான் இன்னும் யோசிக்கிறேன். "மக்கள் ஆதரவு இருந்தது" என்று எவராவது அந்தக் காலத்தைப் பற்றி எழுதினால், அந்த மௌனத்தை எந்தப் பக்கத்தில் கூட்டினீர்கள் என்று கேட்கத் தோன்றும். சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995-இல் அதே ஒக்டோபர் 30, குடாநாட்டின் மேற்குப் பகுதியான வலிகாமத்துச் சனம் முழுக்க மழைக்குள் மூட்டை முடிச்சோடு கிழக்கே தென்மராட்சிப் பக்கம் நடந்தது. நானும் நடந்தேன்.

இடையில் ஒரு வினோதம் நடந்தது. 1994 ஓகஸ்டில் சந்திரிகா பிரதமரானார், நவம்பரில் 62 வீத வாக்கோடு ஜனாதிபதியானார். தடைப்பட்டியலில் சில சாமான்களை எடுத்துவிட்டார்கள். கடைகளில் சவர்க்காரம் தெரியத் தொடங்கியது. அடுத்து யாழ்ப்பாணத்துக் கடைகளில் வந்தது சந்திரிகா வளையல்! நம்புங்கள், அந்தப் பெயரிலேயே விற்றார்கள். எங்கள் அக்கா ஒரு சோடி வாங்கினார். இயக்கத்தின் ஆட்சி நடக்கும் ஊரில், சிங்கள ஜனாதிபதியின் பெயரில் ஒரு வளையல். யாரும் மேடை போட்டு எதுவும் பேசவில்லை. பெட்டைகள் கையில் போட்டுக்கொண்டு ரியூசனுக்குப் போனார்கள். கருத்துக்கணிப்பு என்றால் என்னைப் பொறுத்தவரை அதுதான்.

ஏன் அப்படி? சாமான் வந்தது ஒரு காரணம். ஆனால் அம்மம்மா சொன்ன காரணம் வேறு: "பாவம், அவளும் புருசனைப் பறிகுடுத்தவள்தானே." விஜய குமாரதுங்கவை 1988-இல் சுட்டுக் கொன்றிருந்தார்கள். எங்களைப் போல அடிபட்டவள், அதனால் எங்கள் வலி தெரிந்திருக்கும் என்று அம்மம்மா நினைத்தார். அரசியல் பகுப்பாய்வாளர் யாரும் இதை எழுதமாட்டார்கள், ஆனால் அம்மம்மாவைப் போல யோசித்தவர்கள் நிறையப் பேர்.

1995 ஜனவரி 8 முதல் போர்நிறுத்தம். ஏப்ரல் 19-இல் திருகோணமலையில் கடற்படைப் படகுகளை இயக்கம் தகர்த்ததோடு அது முடிந்தது. அன்று இரவு அப்பு, "கொஞ்சம் பொறுத்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டு உடனே வேலிப்பக்கம் பார்த்தார். அந்த வசனத்தை அவர் வாழ்நாளில் இரண்டாவது தடவை சொல்லி நான் கேட்கவில்லை. ஜூலை 9-இல் நவாலித் தேவாலயத்தின் மேல் விமானம் குண்டு போட்டது, அங்கே தஞ்சம் புகுந்திருந்த நூற்றுக்கு மேற்பட்ட சனம் செத்தது. அக்கா வளையலைக் கழற்றி அலுமாரிக்குள் எறிந்தார். அப்புவின் முணுமுணுப்பும் அதோடு நின்றது. ஒரு குண்டு, உள்ளே இருந்த எல்லாக் கேள்விகளையும் மூடிவிட்டது.

இதற்கு நேர் எதிரான கதை ஒன்றும் எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. கொஞ்சம் பின்னால் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1970 முதல் 77 வரை பிரதமர் சிறிமாவோவின் அரசாங்கம். வெளிநாட்டுச் செலாவணி இல்லை, 1973-இல் எண்ணெய் விலையும் ஏறியது. தெற்கில் பாணுக்கு விடியப்புறமே வரிசை. ஆனால் வெளியிலிருந்து மிளகாய், வெங்காயம் வருவதைக் கட்டுப்படுத்தியதால் யாழ்ப்பாணத்துச் செம்மண் தோட்டக்காரனுக்கு அடித்தது யோகம். அப்பு மண்வீட்டை இடித்துக் கல்வீடு கட்டினது அந்த வெங்காயக் காசில். "சிறிமா காலம்தான் தோட்டக்காரனுக்குப் பொற்காலம்" என்று சாகும்வரை சொன்னார்.

சரி, 1977-இல் அப்பு யாருக்கு வாக்குப் போட்டார்? உதயசூரியன் சின்னத்துக்கு. அந்தச் சின்னத்தில் நின்ற தமிழர் விடுதலைக் கூட்டணி வடக்கில் 14 தொகுதியையும் அள்ளி, மொத்தமாக 18 இடம் எடுத்தது. சிறிமாவோவின் கட்சி நாடு முழுக்க எடுத்ததே எட்டு.

வயிறு நிறைந்திருந்தது, வாக்கு விழவில்லை. பல்கலைக்கழக அனுமதிக்குத் தமிழ்ப் பிள்ளைகளிடம் கூடப் புள்ளி கேட்ட தரப்படுத்தல் வந்து பெரிய மாமா கம்பசுக்குப் போகமுடியாமல் வீட்டில் இருந்தார். 1972 அரசியலமைப்பில் எங்கள் மொழிக்கு இடமில்லை என்ற எரிச்சல் வேறு. காசு கொடுத்தவன் கையாலேயே அவமானமும் வந்தால் சனம் அவமானத்தைத்தான் ஞாபகம் வைத்திருக்கும். தெற்கில் அதே அரசாங்கத்தைப் பாண் வரிசைக்காக விரட்டினார்கள். பிறகு ஆட்சிக்கு வந்த ஜே.ஆர். ஜெயவர்த்தன இறக்குமதியைத் திறந்துவிட்டார், வெங்காய விலை விழுந்தது. அப்பு அதற்கும் சிறிமாவை நினைத்துப் பெருமூச்சு விட்டார். ஆனால் வாக்குப் போட்டதற்கு வருந்தினாரா என்றால், இல்லை.

2005 ஜனாதிபதித் தேர்தலைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. புறக்கணிப்பு என்று சொல்லப்பட்டது, யாழ் மாவட்டத்தில் வாக்களித்தது 1.21 வீதம். மகிந்த ராஜபக்ச வென்றது ஒரு இலட்சத்து எண்பதாயிரம் சொச்சம் வாக்கு வித்தியாசத்தில். அந்த 1.21-இல் எவ்வளவு சம்மதம், எவ்வளவு பயம் என்று பிரித்துச் சொல்லத் தராசு கிடையாது.

தெற்கில் நடந்ததுதான் கேள்விக்கு நேரடியாகப் பொருந்தும். 2008-இல் பணவீக்கம் 20 வீதத்தைத் தாண்டியது. அரிசி, பால்மா, எரிபொருள் எல்லாம் ஏறின. ஆனாலும் 2010 ஜனவரியில் மகிந்தவுக்கு 57.88 வீதம். விலையேற்றத்தைச் சனம் யுத்தத்தின் கணக்கில் எழுதியது, யுத்தத்தை எதிரியின் கணக்கில் எழுதியது. தலைவரின் ஏடு சுத்தம். அதே தேர்தலில் யாழ்ப்பாணத்தில் வாக்களிக்கப் போனவர்கள் நாலில் ஒரு பங்குதான். அவர்களில் 63 வீதத்துக்கு மேல், எங்கள் மேல் யுத்தம் நடத்திய தளபதி பொன்சேகாவுக்குப் போட்டார்கள். வெளிநாட்டிலிருந்து ஒரு சொந்தக்காரர், "உங்களுக்கென்ன மூளை கழண்டுபோச்சோ?" என்று போனில் கேட்டார். கழலவில்லை. மற்றவரை இறக்க அந்த ஒரு கருவிதான் கையில் இருந்தது.

2022-க்கு வருவோம். 2019-இல் 69 இலட்சம் வாக்கோடு ஜனாதிபதியாக வந்தவர் மகிந்தவின் தம்பி கோட்டாபய. யாழ்ப்பாணம் எண்பது வீதத்துக்கு மேல் எதிர்த்து நின்ற சஜித்துக்குப் போட்டிருந்தது, அது வேறு கதை. 2021-இல் இரசாயனப் பசளையை ஒரே இரவில் நிறுத்தினார். 2022 ஏப்ரல் 12-இல் கடனைக் கட்டமுடியாது என்று நாடு கையை விரித்தது. எரிவாயு, பெற்றோல், பால்மா எல்லாவற்றுக்கும் வரிசை. அந்த வருடம் செப்டெம்பரில் பணவீக்கம் எழுபது வீதத்தைத் தொட்டது. ஜூலை 9-இல் சனம் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தது, 13-ஆம் திகதி அவர் மாலைதீவுக்குப் பறந்தார்.

2008-க்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இந்தத் தடவை பழி போட எதிரி இல்லை. சண்டை முடிந்து பதின்மூன்று வருடம். கொரோனாவைச் சொல்லிப் பார்த்தார்கள், யாரும் வாங்கவில்லை. தீர்ப்பு நேராக ஒரே வீட்டு வாசலில் போய் நின்றது.

எங்கள் ஊர்ப் பெற்றோல் செட்டில் நானும் இரவு முழுக்க நின்றேன். எனக்கு முன்னால் நின்ற ஒரு வயதானவர், "சிங்களச் சனம் இப்பதான் பாக்குது, நாங்கள் தொண்ணூறிலேயே பாஸ் பண்ணிட்டம்" என்றார். நாலு பேர் சிரித்தோம். இன்னொருவர், "அதுகளும் பிள்ளைகுட்டிக்காரர்தானே ஐயா" என்றார். சிரிப்பு நின்றது. விடியப்புறம் ஒரு அரச வாகனம் வரிசையைத் தாண்டி நேரே பம்படிக்குப் போனது. அதுவரை பகிடி விட்டுக்கொண்டிருந்த சனம் அப்போதுதான் கூச்சல் போட்டது. ஆறு மணி நேரம் நின்றதற்கு வராத கோபம், ஒருவன் நிற்காமல் போனதற்கு வந்தது.

போராட்டத்துக்கு யாழ்ப்பாணம் பெரிதாகத் தெருவில் இறங்கவில்லை. எங்கள் நடுச்சாமங்களில் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்ற கேள்வி பலருக்கு இருந்தது. ஆனால் மே 18-இல், போராட்டக்காரர் இருந்த கொழும்புக் காலிமுகத்திடலில், யுத்தத்தில் செத்த எங்கள் சனத்தின் நினைவாக முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுத்த படத்தை அம்மா என் போனில் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340-க்கு ஏறியது, குருநகர்ப் பக்கம் மண்ணெண்ணெயில் ஓடும் மீன்பிடிப் படகுகள் எத்தனையோ கரையில் கிடந்தன.

அம்மாவைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்கிறேன். யுத்தம் முடிந்து சில வருடத்தில் ஒரு தம்பி படிவத்தோடு வீட்டுக்கு வந்தார். அரசாங்கத்தின் செயற்பாடு எப்படி என்று கேட்டார். அம்மா கதிரை போட்டு, தேத்தண்ணி கொடுத்து, "எல்லாரும் நல்லாத்தான் செய்யினம் தம்பி" என்றார். அவர் "திருப்தி" என்ற பெட்டியில் புள்ளடி போட்டுக்கொண்டு போனார். படலையைச் சாத்திவிட்டு வந்த அம்மா அரைமணி நேரம் அரசாங்கத்தைத் திட்டினார்.

2024 நவம்பரில் தெற்கிலிருந்து வந்த தேசிய மக்கள் சக்தி யாழ் மாவட்டத்தில் ஆறில் மூன்று இடம் எடுத்து முதலாவதாக வந்தது. எங்கள் கட்சிகளின் சண்டையில் வெறுத்துப்போய்ப் போட்டதா, அதன் தலைவர் அனுரவை நம்பிப் போட்டதா என்று ஊரெல்லாம் வாதம். ஆறு மாதத்தில் உள்ளூராட்சித் தேர்தல் வந்தபோது தமிழரசுக் கட்சி மறுபடி முன்னுக்கு வந்துவிட்டது. அந்த நவம்பரில் அம்மாவை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் வாக்களித்துவிட்டுத் திரும்பிய பிறகு, விரல் மையைப் பார்த்துக்கொண்டே, "யாருக்கு அம்மா போட்டனீங்கள்?" என்று கேட்டேன்.

"அது உனக்கேன்? தேத்தண்ணியைக் குடி, ஆறப்போகுது."