இழப்பீடு யாருக்கு? சனிக்கிழமைக் கேள்வி பதில்

காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் 22 ஆண்டு இழப்பு மதிப்பிட்டவள் நான். சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் இரண்டு மாதம் தொண்டூழியம் செய்தேன். நிவாரணத்தில் இனமும் சாதியும் புகுந்துவிடும் என்பது என் கட்சி. பேரிடரில் யாருக்கு எவ்வளவு போகிறது, எவ்வளவு திரும்பி வருகிறது என்று கேளுங்கள். நாளை மழை வருமா என்று கேட்காதீர்கள்.

ஈசூன் வாசி: அக்கா, புயல் ஆள் பார்த்தா அடிக்கிறது? இதில் இனம் எங்கே வந்தது?

புயல் ஆள் பார்க்காது, சரி. நிவாரணப் பணம் பார்க்கும். 2005இல் கத்ரீனா புயலின்போது அமெரிக்காவின் நியூ ஆர்லியன்சில் வெள்ளத் தடுப்புக் கரைகள் உடைந்து நகரத்தில் ஏறக்குறைய 80 விழுக்காடு மூழ்கியது. வீடுகளைத் திரும்பக் கட்ட ‘ரோடு ஹோம்’ என்றொரு திட்டம் வந்தது. பழுதுபார்க்கும் செலவு, புயலுக்கு முந்தைய வீட்டு விலை, இரண்டில் எது குறைவோ அதை வைத்துத்தான் கணக்கு.

ஒரே அளவில் இரண்டு வீடுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதைச் சரிசெய்யவும் 120,000 டாலர் ஆகும். வெள்ளையர் தெருவில் இருப்பதன் விலை 200,000. கறுப்பர் தெருவில் இருப்பது 70,000. முதலாமவருக்கு 120,000 கணக்கு, அடுத்தவருக்கு 70,000. ஆணியும் பலகையும் இருவருக்கும் ஒரே விலைதானே? கறுப்பர் தெருவில் விலை குறைந்ததே பழைய பாகுபாட்டால். விதியில் ‘இனம்’ என்ற சொல்லே கிடையாது, அதுதான் வேடிக்கை. 2008இல் வழக்குப் போட்டார்கள். 2011இல் 62 மில்லியன் டாலருக்குச் சமரசம் ஆனது.

இன்னொன்று. ஹாவல், எலியட் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் 1999 முதல் 2013 வரையிலான குடும்பத் தரவுகளை அலசினார்கள். 10 பில்லியன் டாலர் அளவுக்குச் சேதமான வட்டாரங்களில் வெள்ளையரின் சொத்து சராசரியாக 126,000 டாலர் கூடியிருந்தது. கறுப்பரின் சொத்து 27,000 குறைந்திருந்தது. பேரழிவு நடந்த இடத்தில் சொத்து கூடுகிறது! முதல் தடவை படித்தபோது அச்சுப்பிழை என்றே நினைத்தேன்.

ஜூரோங் ஊழியர்: நிவாரணமாக ஊருக்குப் பழைய துணி அனுப்பலாமா அக்கா?

வேண்டாம் தம்பி. நாகையில் சாலையோரம் குவிந்து கிடந்ததைப் பார்த்தவள் நான். பணமாக அனுப்புங்கள்.

செங்காங் மாமி: வீவக (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்குத் தீக் காப்புறுதி இருக்கிறது. போதாதா?

அது கட்டடத்துக்கு. உங்கள் சோபாவுக்கும் குளிர்பெட்டிக்கும் தனியாக எடுக்க வேண்டும். பத்திரத்தைப் படியுங்கள்.

தோ பாயோ அண்ணன்: அமெரிக்கக் கதை எதற்கு? 1961இல் புக்கிட் ஹோ ஸ்வீ எரிந்தது. நம் ஊரில் யாராவது ஏற்றத்தாழ்வு பார்த்தார்களா?

நல்ல உதாரணம்தான் அண்ணே. மே 25, ஏறக்குறைய 16,000 பேர் வீடிழந்தார்கள், 4 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் அத்தாப்பு (ஓலைக் கூரை) வீடுகள், குடியிருந்தவர்களில் பலருக்கு நிலம் சொந்தமில்லை. ‘ரோடு ஹோம்’ கணக்கைப் போட்டிருந்தால் அவர்கள் கையில் என்ன வந்திருக்கும்? வீவக தொடங்கி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. வீட்டு விலையைக் கேட்காமல், தலைக்கு மேல் கூரை வேண்டும் என்று அடுக்குமாடி கட்டினார்கள். ஆனால் எரிந்தது அத்தாப்புக் குடிசை, பங்களா இல்லை. ஏற்றத்தாழ்வு அங்கேயே தொடங்கிவிட்டது.

சிராங்கூன் மருமகள்: அண்ணன் ஒரே பக்கம் பேசுகிறார். என் மாமனார் கம்பத்தில் (பழைய சிங்கப்பூர்க் கிராமத்தில்) மாடு வைத்திருந்தார். அடுக்குமாடிக்கு மாற்றினார்கள். மாடு போச்சு, தொழிலும் போச்சு.

தோ பாயோ அண்ணன்: மழைக்கு மழை மூழ்கிய கம்பத்தைவிட அது மேல் இல்லையா?

இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 1978 டிசம்பரில் சிங்கப்பூரில் ஒரே நாளில் 512 மில்லிமீட்டர் கொட்டியது, 7 பேர் இறந்தார்கள். அந்த நினைவு உள்ள யாரும் தாழ்நிலக் கம்பத்துக்குத் திரும்ப ஆசைப்பட மாட்டார்கள். ஆனால் பிழைப்பை மறந்து வீட்டை மட்டும் கொடுப்பதும் அரை நிவாரணம்தான். 2015 வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் அடையாற்றங்கரைக் குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். வீட்டுவேலைக்கும் கொத்துவேலைக்கும் போனவர்களுக்கு வேலை நகரத்துக்குள், வீடு ஊர்க்கோடியில். போதாக்குறைக்கு அந்த இடம் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டியது.

தோ பாயோ அண்ணன்: அதற்காக ஆற்றங்கரையிலேயே விட்டுவிடச் சொல்கிறீர்களா?

அப்படி நான் சொல்லவே இல்லை! தேக்காவில் ஒரு டீ வாங்கித் தருகிறேன், நீங்களும் மருமகளும் அங்கே தொடருங்கள். இங்கே இன்னும் ஆட்கள் காத்திருக்கிறார்கள்.

உட்லண்ட்ஸ் வாசகி: சுனாமியில் சாதி பார்த்தார்களாமே, உண்மையா?

உண்மை. முதலில் உதவி மீனவக் குப்பங்களுக்குத்தான் போனது, படகு கணக்கில் இருந்தது. பக்கத்திலேயே உப்புநீர் ஏறிய வயலில் கூலிவேலை செய்த தலித் குடும்பங்கள் பல பட்டியலிலேயே இல்லை. முகாமில் தனியாக உட்காரவைத்த சம்பவங்களை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்திருக்கின்றன. படகே இல்லாதவனிடம் படகுக்கு ரசீது கேட்டால் என்ன காட்டுவான்?

துவாஸ் தம்பி: பழைய துணி, ஆனால் துவைத்தது…

மேலே பாருங்கள்.

பட்டுக்கோட்டைக்காரர்: 2018 கஜாவில் எங்கள் தென்னந்தோப்பு சாய்ந்தது. பட்டா இன்னும் தாத்தா பெயரில். அப்பாவை அலையவிட்டார்கள்.

இதைத்தான் தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கறுப்பர் குடும்பங்களுக்கும் இதே தொல்லை. உயில் எழுதாமல் பேரன்வரை வந்த வீடு, பத்திரத்தில் பெயர் இல்லை என்று நிவாரண மனுவைத் தள்ளினார்கள். 2021இல்தான் அவர்களுடைய மத்தியப் பேரிடர் அமைப்பு அந்த விதியைத் தளர்த்தியது. அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது வாரிசுச் சான்று வாங்கி, தாலுகா அலுவலகத்தில் பட்டா பெயர் மாற்ற மனுக் கொடுங்கள். அத்தைமார்களின் கையெழுத்தும் வேண்டியிருக்கும், அவர்களிடம் முன்கூட்டியே பேசிவையுங்கள். உங்கள் தோப்பில் தேங்காய் பறித்தவருக்கு ஏதாவது கிடைத்ததா என்று அப்பாவிடம் கேட்டுச் சொல்லுங்களேன்.