ஆஸ்திரேலிய நாட்டு மரங்களைப் போன்சாயாக வளர்க்க முடியுமா? எதில் தொடங்கலாம்?

முடியும். சிட்னிக்கு மேற்கே துங்காபியில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் இப்போது பதினொரு மரங்கள் இருக்கின்றன. செத்ததையும் சேர்த்தால் இருபதைத் தாண்டும். கீழே சொல்வதில் பாதி, செத்தவை சொல்லிக்கொடுத்தது.

முதல் மரமாக போர்ட் ஜாக்சன் அத்தியை வாங்குங்கள். சிட்னி துறைமுகத்தைச் சுற்றியுள்ள மணற்கல் பாறைகளில், ஒரு பிடி மண்கூட இல்லாத இடுக்கில் முளைத்து, வேரைப் பாறைமேல் வழியவிட்டு நிற்கும் மரம் அது. நம் ஊர்க் கோபுரத்தில் முளைக்கும் அரசங்கன்றை நினைத்துக்கொள்ளுங்கள், சுபாவம் அதே. இலையின் அடிப்பக்கம் துரு நிறம். வெட்டினால் பால் வடியும், கொஞ்ச நாளில் பக்கத்திலேயே துளிர்க்கும். கோடைத் தொடக்கத்தில், அதாவது இங்கே டிசம்பரில், திடமாக இருக்கும் மரத்தின் இலைகளை மொத்தமாகக் கிள்ளிவிட்டால் அடுத்து வருவது சின்ன இலையாக வரும். ஒருநாள் தண்ணீர் ஊற்ற மறந்தாலும் பொறுத்துக்கொள்ளும்.

டீ ட்ரீ பொறுக்காது. அந்தக் காலத்து மாலுமிகள் இலையைக் கொதிக்கவைத்துக் குடித்ததால் வந்த பெயர், நம் தேயிலைக்கும் இதற்கும் உறவில்லை. கடற்கரையோரம் காற்றில் முறுக்கிக்கொண்டு, பட்டை நார் நாராகத் தொங்க நிற்கும். ஐந்து வயது மரம் ஐம்பது வயதுபோல் தெரியும். அந்த ஆசையில் ஒன்றை வாங்கி ஆழமில்லாத தட்டுத் தொட்டியில் வைத்திருந்தேன். 2020 ஜனவரி 4, காட்டுத்தீப் புகை சூழ்ந்திருந்த கோடை. அன்று எங்களுக்கு மேற்கே உள்ள பென்ரித்தில் 48.9 டிகிரி. நாங்கள் நண்பர் வீட்டுக்குப் போயிருந்தோம், திரும்பும்போது இருட்டிவிட்டது. டார்ச் அடித்துப் பார்த்தேன்: இலை பச்சையாக, நிமிர்ந்து இருந்தது. நிம்மதியாகத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் படுத்தேன். ஒரு வாரம் அப்படியே பச்சையாக இருந்தது. "அதான் நல்லா இருக்கே, ஏங்க சும்மா சும்மா போய்ப் பாக்கறீங்க?" என்றாள் மனைவி. எட்டாம் நாள் ஒரு நுனியை விரலால் தடவினேன். காய்ந்த கறிவேப்பிலை மாதிரி நொறுங்கி உதிர்ந்தது. மரம் அந்த சனிக்கிழமையே போய்விட்டிருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

டீ ட்ரீயின் இலை குட்டியாக, விறைப்பாக இருப்பதால் வாடித் தொங்கிக் காட்டாது. இலையைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றுகிற நம் பழக்கம் இங்கே செல்லாது. மண்ணில் விரலை விட்டுப் பாருங்கள், தொட்டியைத் தூக்கிக் கனம் பாருங்கள். இன்னொன்று, கிளையைக் கத்தரிக்கும்போது நுனியில் கொஞ்சமாவது பச்சை இருக்கட்டும். மொட்டையாக வெட்டிய பழைய கட்டையிலிருந்து துளிர்க்கும் என்று நம்பினால் பெரும்பாலும் கிளை காய்ந்துதான் போகும்.

மெலலூக்கா இதற்கு நேர் எதிர். பட்டை வெங்காயத் தோல் மாதிரி உரிந்துகொண்டே இருக்கும். பல வகைகள் சதுப்பிலேயே வளர்பவை, அதனால் கோடையில் தொட்டியைத் தண்ணீர்த் தட்டுக்குள் வைத்துவிட்டு வேலைக்குப் போகலாம். அலுவலகம் போகிறவர்களுக்கு இது வசதி.

பாங்சியாவை நான் கொன்றது பாசத்தால். ஊரில் அம்மா ரோஜாவுக்கு எலும்புத்தூள் போடுவார், செடி கொழுகொழுவென்று வரும். அதே கைப்பழக்கத்தில் இங்கே பாங்சியாவுக்கும் ஒரு கை போட்டேன். இலை மஞ்சளாகி, நுனி கருகி, ஒரே கோடையில் முடிந்தது. ஆஸ்திரேலிய மண் மிகப் பழையது, பாஸ்பரஸ் குறைவு. இருக்கிற துளியையும் உறிஞ்சத்தான் பாங்சியா பிரஷ் போன்ற அடர்த்தியான மெல்லிய வேர்க்கொத்துகளை விடுகிறது. அந்த வேருக்குக் கொட்டிக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லத் தெரியாது, உறிஞ்சி உறிஞ்சியே செத்துவிடும். எலும்புத்தூளில் பாஸ்பரஸ்தான் அதிகம். நாட்டு மரங்களுக்கென்றே பாஸ்பரஸ் குறைத்த உரம் கடையில் கிடைக்கிறது, அதையும் பாதி அளவில் போடுகிறேன். (நம் மலைத் தோட்டங்களில் நிழலுக்கு நட்டிருக்கும் சில்வர் ஓக்கும் பாங்சியா குடும்பம்தான், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது.)

தொட்டி மாற்றும் காலத்திலும் ஏமாறாதீர்கள். ஜப்பானிய முறை நூல்கள் குளிர்காலக் கடைசியில், மொட்டு விரியும் முன் மாற்றச் சொல்லும். இலையுதிர் மரங்களுக்கு அது சரி. இந்த மரங்கள் குளிரில் வேரை வெட்டினால் அப்படியே உட்கார்ந்துவிடும். நான் நவம்பருக்கு முன் தொடுவதில்லை. இரவும் வெதுவெதுப்பாக இருக்கும்போது செய்தால் வேர் சட்டென்று வரும். பழைய மண்ணை முழுக்க உதறிக் கழுவ வேண்டாம், மூன்றில் ஒரு பங்கு வேரை எடுத்தால் போதும்.

இனி எனக்குள்ள ஒரே சண்டைக்கு வருகிறேன், யூகலிப்டஸ். தைல மரத்தைப் பிடித்துக் கம்பி கட்டி, கிளைகளைக் கீழே இழுத்து, தட்டுத் தட்டாக அடுக்கி, கடைசியில் அதைப் பைன் ஆக்கிவிடுகிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் பைனின் கிளை தாழ்வது பனியின் பாரத்தைச் சுமந்து. சிட்னிப் பாறைமேல் நிற்கும் மரத்துக்கு எந்தப் பாரம்?

எங்கள் சங்கத்துப் பெரியவர் ஒருவர் கற்றுக்கொடுத்தது இது: கத்தரியை வீட்டிலேயே வைத்துவிட்டு, நோட்டுப் புத்தகத்தோடு காட்டுக்குப் போ என்றார். போனேன். ஆங்கோஃபோரா ஒன்றின் முன் அரை மணி நேரம் உட்கார்ந்தேன். யூகலிப்டஸின் நெருங்கிய சொந்தம், இளஞ்சிவப்பு உடம்பு. கிளை பிரியும் இடத்தில் தோல், குண்டுக் குழந்தையின் முழங்கை மடிப்பு மாதிரி சுருங்கியிருந்தது. கிளைகள் மேலே ஏறி, வளைந்து, மனம் மாறி வேறு பக்கம் திரும்பி, வெகுதூரம் மொட்டையாகவே போய், கடைசியில்தான் ஒரு கொத்து இலையைப் பிடிக்கின்றன. கொத்துக்கும் கொத்துக்கும் நடுவே வானம். அங்கங்கே ஒடிந்த கிளையின் முண்டு. அன்று வரைந்த கோணல் படம்தான் இன்றுவரை எனக்கு வரைபடம்.

தொட்டியில் அதைக் கொண்டுவருவது எளிதில்லை. யூகலிப்டஸ் கிளையைக் கம்பியால் வளைத்தால், கம்பியை எடுத்ததும் மறுபடி மேலே எழும். வளர்ச்சி வேகம் அதிகம் என்பதால் மூன்று வாரம் கவனிக்காவிட்டால் கம்பி பட்டைக்குள் புதைந்துவிடும். நான் கம்பியைக் கிட்டத்தட்ட விட்டேவிட்டேன். வளரவிட்டு, வெட்டி, புதுத் துளிர் எந்தப் பக்கம் வருகிறதோ அந்தப் பக்கம் திருப்பி, மறுபடி வெட்டுகிறேன். வருஷக்கணக்காகும். குறுகிய இலையுள்ள நிக்கோலி வகையை எடுங்கள், பெரிய இலை வகைகளில் அளவு பொருந்தாது. என்னுடையது ஆறு வருஷமாக இன்னும் பிளாஸ்டிக் தொட்டியில்தான் இருக்கிறது.

கான்பெரா பக்கம் போனால் தேசிய மரத்தோட்டத்தில் உள்ள போன்சாய், பென்ஜிங் (சீனர்களின் தொட்டி மரக் கலை) தொகுப்பைப் பாருங்கள். பைன்களோடு இந்நாட்டு மரங்களும் அங்கே இருக்கின்றன. காட்டில் தோண்டி எடுக்கும் ஆசை வந்தால் அடக்குங்கள், தேசியப் பூங்காவில் அது சட்டவிரோதம். நாட்டு மர நர்சரிகளில் சின்னக் குழாய்த் தொட்டிக் கன்று சில டாலருக்கே கிடைக்கும்.

இந்தியாவிலிருந்து கேட்கிறவர்களுக்கு: சவுக்கு. வட ஆஸ்திரேலியக் கடற்கரையிலும் இயற்கையாக வளரும் அதே மரம். நான் கடலூர்க்காரன், சவுக்குத் தோப்பில் ஊசியைக் கணுவில் பிய்த்து மறுபடி பொருத்தி, "எங்கே பிய்ச்சேன் சொல்லு" என்று விளையாடியவன். அந்த ஊசி இலையே இல்லை, கணுக் கணுவான மெல்லிய கிளை. நிஜ இலை, கணுவைச் சுற்றிப் பல் மாதிரி நிற்கும் செதில்தான். வெயில் நிறைய வேண்டும், தண்ணீரும் நிறைய. தொட்டி மாற்றும்போது வேரில் உருண்டை உருண்டையாக முடிச்சு தெரிந்தால் நோய் என்று வெட்டி எறியாதீர்கள், காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கும் நுண்ணுயிர்களின் வீடு அது. பழைய மண்ணில் கொஞ்சத்தைப் புதுத் தொட்டியிலும் போடுங்கள்.

இங்கிருந்து யூகலிப்டஸ் விதை அனுப்ப முடியுமா என்று உள்பெட்டியில் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். அனுமதிச் சான்று இல்லாமல் விதை அனுப்பக் கூடாது, அனுப்ப மாட்டேன். நீலகிரியில் இல்லாத யூகலிப்டஸா?