விண்டோஸை மீண்டும் நிறுவாமல் எஸ்எஸ்டிக்கு மாறுவது எப்படி?

கேள்வி: துணிக்கடை நடத்துகிறேன். கடைக் கணக்குகள் முழுவதும் ஒரு பழைய மடிக்கணினியில் இருக்கின்றன. அதில் 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். சி, டி என இரண்டு டிரைவ்கள். மிகவும் மெதுவாகிவிட்டதால் 480 ஜிபி எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான சேமிப்புக் கருவி) ஒன்று வாங்கினேன். சி டிரைவில் இருந்த எல்லாவற்றையும் காப்பி செய்து எஸ்எஸ்டியில் போட்டு, அதை மடிக்கணினிக்குள் மாட்டினேன். கணினி கிளம்பவே இல்லை. விண்டோஸை மீண்டும் நிறுவாமல் எல்லாவற்றையும் அப்படியே மாற்ற முடியுமா?

பதில்: முடியும். பழைய ஹார்ட் டிஸ்க்கை நீங்கள் அழிக்காமல் வைத்திருப்பது பெரிய ஆறுதல். வேலை முடியும் வரை அதில் ஒரு கோப்பைக்கூட நீக்க வேண்டாம்.

உங்கள் முயற்சி ஏன் பலிக்கவில்லை என்று முதலில் பார்ப்போம். கண்ணுக்குத் தெரிவது சி, டி இரண்டுதான். ஆனால் விண்டோஸிலேயே உள்ள 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' பக்கத்தைத் திறந்தால், சி டிரைவுக்கு முன்னால் எழுத்துப் பெயர் இல்லாத ஒரு சிறு பகுதி இருக்கும். பெரும்பாலும் 100 எம்பி அளவுதான். கணினி கிளம்பும்போது முதலில் தேடுவது இந்தப் பகுதியைத்தான்; விண்டோஸ் எந்தப் பார்ட்டிஷனில் (டிஸ்க்கின் பிரிவில்) இருக்கிறது என்ற குறிப்பு இங்கேதான் எழுதப்பட்டிருக்கிறது. நீங்கள் காப்பி செய்ததில் இது வரவில்லை. மேலும், விண்டோஸ் இயங்கும்போது அதன் அமைப்பு விவரங்கள் அடங்கிய ரெஜிஸ்ட்ரி கோப்புகள் பூட்டப்பட்டிருக்கும். காப்பி செய்தாலும் வராது. டி டிரைவில் வெறும் கோப்புகள்தான் என்றால் அதற்குச் சாதாரண காப்பி போதும். சி டிரைவை மட்டும் அதன் துணைப் பகுதிகளோடு சேர்த்து 'குளோன்' செய்தாக வேண்டும், அதாவது அச்சு அசலாகப் பிரதியெடுக்க வேண்டும்.

அதற்கு முன் பழைய டிஸ்க்கின் உடல்நிலையைப் பாருங்கள். இதைத் தவிர்த்துவிட்டு யாரும் குளோனிங்கில் இறங்கக் கூடாது என்பதில் நான் மிகவும் பிடிவாதமாக இருக்கிறேன். 'கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ' என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் நீல நிறத்தில் 'குட்' என்றோ, மஞ்சளில் 'காஷன்' என்றோ காட்டும். பட்டியலில் 05, சி5 என்ற இரண்டு வரிகளைக் கவனியுங்கள். முதலாவது, பழுதாகி மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டர்களின் (டிஸ்க்கில் தரவு எழுதப்படும் சிறு கட்டங்களின்) கணக்கு. இரண்டாவது, படிக்க முடியாமல் நிலுவையில் நிற்பவை. சி5 வரியின் மதிப்பு பூஜ்யத்தைத் தாண்டியிருந்தாலோ, டிஸ்க்கிலிருந்து 'டக் டக்' என்று சத்தம் வந்தாலோ, முதலில் கணக்குக் கோப்புகளை வேறொரு டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். அந்த நிலையில், டிஸ்க்கின் பிழைகளைச் சரிபார்க்கும் 'செக்டிஸ்க்' கருவியை ஓட்டாதீர்கள். நலிந்த டிஸ்க்கை அது மேலும் வருத்தும். அப்படிப்பட்டதைப் பிரதியெடுக்க லினக்ஸில் (விண்டோஸ் போன்ற இன்னொரு இயங்குதளம்) 'டிடிரெஸ்க்யூ' என்ற கருவி இருக்கிறது. நல்ல இடங்களை முதலில் எடுத்துக்கொண்டு, கெட்ட இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். டிஸ்க் நன்றாக இருந்தாலும் கணக்குக் கோப்புகளுக்குத் தனியாக ஒரு பிரதி அவசியம்.

அடுத்தது அளவு. 500 ஜிபி டிஸ்க்கை விண்டோஸ் 465 ஜிபி என்று காட்டும். உங்கள் 480 ஜிபி எஸ்எஸ்டியை 447 என்று காட்டும். 18 ஜிபி குறைகிறது. 'குளோன்சில்லா' எனக்குப் பிடித்த இலவசக் கருவிதான். ஆனால் புதிய டிஸ்க் பழையதைவிடச் சிறிதாக இருந்தால், வழக்கமான அமைப்பில் அது மறுத்துவிடும். ஆகவே உங்களுக்கு எஸ்எஸ்டி நிறுவனம் தரும் குளோனிங் மென்பொருளையே சொல்வேன். பல நிறுவனங்கள் இதை இலவசமாகத் தருகின்றன. பார்ட்டிஷன்களின் அளவை அதுவே சுருக்கிக்கொள்ளும். சி, டி இரண்டிலும் உள்ள சரக்கு மொத்தம் 400 ஜிபிக்குள் இருக்கும்படி பார்த்துக்கொண்டால் சிக்கல் வராது. இடம் போதாவிட்டால் டி டிரைவில் உள்ளவற்றை வெளி டிஸ்க்கில் காப்பி செய்துவிட்டு, மற்ற பகுதிகளை மட்டும் குளோன் செய்யுங்கள்.

இப்போது பழைய டிஸ்க்கைத் திரும்ப மடிக்கணினிக்குள் மாட்டுங்கள். எஸ்எஸ்டியை சாட்டா–யுஎஸ்பி கேபிளில் வெளியே இணையுங்கள். டிஸ்க்கில் உள்ளதைச் சங்கேதமாக்கிப் பூட்டும் 'பிட்லாக்கர்' அல்லது 'டிவைஸ் என்கிரிப்ஷன்' இயங்குகிறதா என்று பார்த்து, இயங்கினால் அணைத்து, அது முழுமையாக விலகும் வரை காத்திருங்கள். இல்லாவிட்டால் புதிய டிஸ்க்கில் கிளம்பும்போது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டு நிற்கக்கூடும். சார்ஜரையும் செருகியே வையுங்கள்.

மென்பொருள் இரண்டு கேள்விகள் கேட்கும்: எதிலிருந்து, எதற்கு. இங்கே நிதானமாக இருங்கள். புகைப்படக் கலைஞர் ஒருவர் ஒரே நிறுவனத்தின், ஒரே அளவுள்ள இரண்டு டிஸ்க்குகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இரவு நேர அவசரத்தில் இடம் மாற்றித் தேர்ந்தெடுத்துவிட்டார். காலி டிஸ்க், படங்கள் நிறைந்த டிஸ்க்கின் மேல் எழுதப்பட்டுவிட்டது. மறுநாள் அவர் அதை என்னிடம் கொண்டுவந்தபோது மீட்க ஒன்றும் மிஞ்சவில்லை. உங்களுக்கு 465, 447 என்ற இரண்டு எண்களே அடையாளம். அவற்றோடு இரண்டு டிஸ்க்குகளின் மாடல் எண்களையும் ஒரு தாளில் எழுதி எதிரில் வைத்துக்கொண்டு, திரையில் தெரிவதோடு ஒப்பிட்ட பிறகு பொத்தானை அழுத்துங்கள். எஸ்எஸ்டியில் நீங்கள் முன்பு போட்ட கோப்புகள் அழியும் என்று எச்சரிக்கை வரும்; அது சரிதான்.

முடிந்ததும் கணினியை அணைத்து, பழையதைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டியை உள்ளே மாட்டுங்கள். முதல் முறை கிளப்பும்போது பழைய டிஸ்க் யுஎஸ்பியில்கூட இணைந்திருக்கக் கூடாது. இரண்டும் ஒரே அடையாள எண்ணைச் சுமந்தால் விண்டோஸ் குழம்பும். சில கணக்கு மென்பொருள்களின் உரிமம் டிஸ்க்கோடு கட்டப்பட்டிருக்கும். அது மீண்டும் பதிவு கேட்டால் பதற வேண்டாம், விற்றவரிடம் பேசுங்கள்.

கணினி கிளம்பிவிட்டது என்பதோடு விட்டுவிடாமல், கணக்கு மென்பொருளில் போன ஆண்டின் மூன்று நான்கு பில்களைத் திறந்து பாருங்கள். ஒன்றை அச்செடுத்தும் பாருங்கள். பழைய டிஸ்க்கின் மேல் இன்றைய தேதியை எழுதி ஒட்டி, ஒரு மாதமாவது அலமாரியில் வையுங்கள். அதுவரை அதை ஃபார்மேட் செய்யாதீர்கள்.