‘88 வோல்ட்’ பெட்டி வாங்கலாமா?

கேள்வி: களுவாஞ்சிக்குடியில் அப்பா கட்டிய சீமெந்துக் கல் வீட்டை நானும் தம்பியும் திருத்துகிறோம். யன்னல்களுக்குத் திரைச்சீலைக் குழாயும் சமையலறைக்கு இறாக்கையும் பூட்ட வேண்டும். குளியலறையின் பழைய டைல்ஸை உடைக்க வேண்டும். ட்ரில், கிறைண்டர், இரண்டு பற்றரி அடங்கிய ‘88 வோல்ட்’ பெட்டி ஒன்றே போதும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்தப் பெட்டியில் 88 வோல்ட் கிடையாது. இவ்வகைப் பற்றரிகளுக்குள் வழக்கமாக 5 லித்தியம் கலங்கள் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். ஒரு கலம் சராசரியாக 3.6 வோல்ட்டும், முழுதாகச் சார்ஜ் ஏறிய நிலையில் 4.2 வோல்ட்டும் தருவதால், மொத்தம் 18, மிஞ்சினால் 21. எஞ்சிய வோல்ட் எல்லாம் ஸ்டிக்கர் அச்சடித்தவரின் தாராள மனம். எண்ணுக்குப் பக்கத்தில் ‘விஎஃப்’ என்று இரண்டு எழுத்துகள் இருக்கும். அது மாடலின் பெயர், வோல்ட் அளவு அல்ல என்ற விளக்கம், நீங்கள் சண்டைக்குப் போகும் அன்றுதான் உங்களுக்குக் கிடைக்கும். பக்கற் பால்மாவின் நிறையைச் சரிபார்க்கும் நாட்டில் பற்றரியின் வோல்ட்டைச் சரிபார்க்க எவரும் வருவதில்லை.

வீட்டில் மின்சாரம் இருக்கும்போது உங்களுக்குப் பற்றரியே தேவையில்லை. 650 முதல் 750 வாட் வரையான, வயருள்ள ஹாமர் ட்ரில் ஒன்றை வாங்குங்கள். கல் சுவரில் இறாக்கை பூட்ட அது தாராளம்.

ஆனால் திரைச்சீலைக் குழாய் வேறு கதை. யன்னலுக்கு நேர் மேலே இருப்பது கல் அல்ல, கம்பி வைத்து வார்த்த கொங்கிரீட் லிண்டல். ஹாமர் ட்ரில்லின் தட்டு, இரண்டு பல் தகடுகள் உரசி எழும் சிறு அதிர்வுதான். கொங்கிரீட்டின் சல்லியில் அது வழுக்கும், நீங்கள் தோள் கொடுத்து அழுத்துவீர்கள், அலகின் நுனி சிவந்து மழுங்கும், கடைசியில் மோட்டாரிலிருந்து புகை வரும். திருத்துவதற்காக என் மேசைக்கு வந்த கருகிய ட்ரில்களில் பெரும்பாலானவை லிண்டலில்தான் தோற்றவை. உள்ளே பிஸ்டன் காற்றழுத்தத்தால் அடிக்கும் ரோட்டரி ஹாமர் இதே துளையைச் சில நொடிகளில் போட்டுவிடும், அழுத்தவும் வேண்டியதில்லை. அதை வாங்காமல் ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள். சுற்றாமல் அடிக்க மட்டும் செய்யும் நிலையும் உளியும் அதில் உண்டா என்று கேட்டு எடுத்தால், டைல்ஸையும் அன்றே உடைத்து முடிக்கலாம். நடுவில் ட்ரில் சட்டென நின்றால் கம்பியில் பட்டிருக்கிறது. இரண்டு அங்குலம் தள்ளிப் போடுங்கள், கம்பியை வெட்ட முனையாதீர்கள்.

“நல்ல ஜப்பான் சாமான், பாவித்தது, பாதி விலை” என்று யாராவது கூட்டிப் போனால், முதலில் பெயர்த் தகட்டைப் பாருங்கள். ஜப்பானின் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், நம்முடையது 230. மின்மாற்றி இல்லாமல் பிளக்கைச் செருகினால் மோட்டார் கருகிப்போகும். கூட்டிப் போனவர் அதற்குள் தன் கொமிஷனோடு வாவிக்கு அப்பால் படுவான்கரைக்குப் போயிருப்பார். உங்களைக் கடைக்கு அழைத்துச் செல்லும் மேசன்மார் எல்லோரும் அப்படி என்று சொல்லவில்லை. விலை பேசும்போது அவரை வெளியில் நிற்கச் சொன்னால் விலை குறைகிறதா என்று மட்டும் பாருங்கள்.

கிறைண்டரை இப்போதைக்கு விடுங்கள். பிறகு வாங்கினாலும் அதன் காப்புத் தகட்டைக் கழற்றாதீர்கள், மரம் அறுக்கும் பல் தகட்டை அதில் பூட்டாதீர்கள். நான்கு அங்குலக் கிறைண்டர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 11,000 முறை சுற்றும்; பல் மரத்தில் சிக்கினால் அது பாய்வது உங்கள் முகத்தை நோக்கித்தான்.

‘88 வோல்ட்’ பெட்டியை வாங்காததால் மிச்சமாகும் பணத்தில், வீட்டின் மெயின் பெட்டியில், மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா என்று மின்சார வேலைக்காரர் ஒருவரைக் கொண்டு பார்ப்பியுங்கள். இல்லையென்றால், குளியலறைச் சுவரில் துளை போடுவதற்கு முன்பே அதைப் பூட்டிவிடுங்கள்.