வீடியோ எடிட்டிங் மென்பொருளின் கேச்சை அழித்தால் புராஜெக்ட் போய்விடுமா?

டிஸ்க் நிரம்பிவிட்டது, எடிட்டிங் மென்பொருளின் கேச் மட்டுமே பாதி இடத்தைப் பிடித்திருக்கிறது, அழித்தால் செய்த வேலை போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். கேச்சை அழித்தால் எடிட் போகாது. ஆனால் கேச் என்று நினைத்து வேறொன்றை அழித்தால் போகும். எனக்கு அப்படி ஒருமுறை போயிருக்கிறது.

டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் கேச் வைக்கும் இடத்தில் ‘கேச்கிளிப்’ என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். பக்கத்திலேயே ‘.கேலரி’ என்று இன்னொன்று. இரண்டும் மென்பொருள் தானாக உருவாக்கியவை என்பதால் இரண்டையும் சேர்த்து அழித்துவிட்டேன். கேலரியில் இருந்தவை நான் கலர் செய்யும்போது சேமித்து வைத்த ஸ்டில்கள், அதாவது ஒரு ஃபிரேமின் படமும் அதற்குப் போட்ட கலர் அமைப்பும். டைம்லைனில் இருந்த கலர் அப்படியே இருந்தது. ஆனால் அடுத்த புராஜெக்டில் போட எடுத்து வைத்திருந்த ஸ்டில்களைத் திரும்பப் பெற வழியில்லை. அன்றிலிருந்து எதை அழிக்கும் முன்பும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன்: இதை மென்பொருளால் மறுபடி உருவாக்க முடியுமா, அல்லது இது என் கையால் செய்ததா?

கேச் ஏன் இவ்வளவு பெரிதாகிறது என்று தெரிந்தால் பயம் பாதி குறையும். புராஜெக்ட் ஃபைலில் வீடியோ இருப்பதில்லை. எந்த கிளிப்பை எங்கே வெட்டினோம், என்ன எஃபெக்ட் போட்டோம் என்ற குறிப்பு மட்டும்தான். கேச் என்பது ஒரிஜினல் வீடியோவை வேகமாக ஓட்டிக் காட்ட மென்பொருள் செய்துகொள்ளும் நகல். அடோபியின் பிரீமியர் புரோ மென்பொருள், சுருக்கப்பட்ட ஆடியோவை விரித்து 32 பிட் ஆடியோவாக எழுதி வைக்கும். 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ என்றால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1.4 ஜிபி. வீடியோ இன்னும் மோசம். எடிட்டிங்குக்குப் பயன்படும் புரோரெஸ் 422 வடிவில் 1080பி வீடியோவை ரெண்டர் செய்து (எஃபெக்ட் எல்லாம் சேர்த்து முன்கூட்டியே தயாரித்து) வைத்தால், நொடிக்கு 30 ஃபிரேம் கணக்கில், ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 66 ஜிபி ஆகும். அதுவே 4கே என்றால் 260 ஜிபியைத் தாண்டும். நாலைந்து பழைய புராஜெக்ட்கள் சேர்ந்தால் டிஸ்க் நிரம்புவதில் ஆச்சரியமே இல்லை.

சரி, எப்படி அழிப்பது? முடிந்தவரை மென்பொருளுக்குள்ளிருந்தே அழியுங்கள். பிரீமியரில் பிரிஃபரன்சஸுக்குப் போய் மீடியா கேச் பக்கத்தில் டெலீட் கொடுங்கள். பயன்படாதவற்றை மட்டும் நீக்கு என்பது எப்போதும் இருக்கும். மொத்தத்தையும் நீக்க, புராஜெக்ட் எதையும் திறக்காமல் மென்பொருளை மட்டும் திறந்து அதே இடத்துக்குப் போக வேண்டும். அதே பக்கத்தில், இத்தனை நாளுக்கு மேல் பழசானால் தானாக அழித்துவிடு என்று ஒரு வசதியும் உண்டு. அதைப் போட்டு வையுங்கள். ரெண்டர் செய்த பிரீவியூக்கள் இதில் சேராது. அவற்றை சீக்வென்ஸ் மெனுவில் டெலீட் ரெண்டர் ஃபைல்ஸ் கொடுத்துத் தனியாக நீக்க வேண்டும். புராஜெக்ட் இருக்கும் இடத்தில் வீடியோ பிரீவியூஸ் ஃபோல்டருக்குப் பக்கத்திலேயே ஆட்டோ சேவ் என்று ஒன்று இருக்கும். அதைத் தொடவே தொடாதீர்கள், புராஜெக்ட் ஃபைல் கெட்டுப்போனால் கைகொடுப்பது அதுதான்.

ரிசால்வில் பிளேபேக் மெனுவில் டெலீட் ரெண்டர் கேச். ஆனால் அது திறந்திருக்கும் புராஜெக்டின் கேச்சை மட்டும்தான் அழிக்கும். ஃபைனல் கட் புரோவில் லைப்ரரியைத் தேர்ந்தெடுத்து, ஃபைல் மெனுவில் டெலீட் ஜெனரேட்டட் லைப்ரரி ஃபைல்ஸ். லைப்ரரியின் உள்ளே புகுந்து கையால் எதையும் நீக்க வேண்டாம். கேப்கட்டில் செட்டிங்ஸிலேயே கேச்சின் அளவும் அழிக்கும் பட்டனும் இருக்கும். டிராஃப்ட் ஃபோல்டர் வேறு, அதில்தான் உங்கள் எடிட் இருக்கிறது.

கையால்தான் அழித்தாக வேண்டும் என்றால் மென்பொருளை மூடிவிட்டு, கேச் ஃபோல்டரின் பெயரை மாற்றுங்கள், கடைசியில் ‘பழசு’ என்று சேர்த்தால் போதும். பிறகு முக்கியமான புராஜெக்ட்களைத் திறந்து ஓட்டிப் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தால் இரண்டு நாள் கழித்து நீக்கிவிடலாம். ஏதாவது காணாமல் போயிருந்தால் பெயரைத் திருப்பி வைத்தால் முடிந்தது. கேலரியை அழித்த அன்று எனக்கு இது தோன்றாமல் போனதே என்று இன்னும் வருத்தமாக இருக்கிறது.

அழிக்கும் முன் ஒரிஜினல் வீடியோக்கள் எல்லாம் கையில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். ஒரிஜினல் இருந்தால்தான் கேச்சை மறுபடி உருவாக்க முடியும். பிராக்ஸி, அதாவது ஒரிஜினலுக்குப் பதிலாக வைத்து எடிட் செய்யும் சிறிய நகல் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். ஒரிஜினல் எல்லாம் வெளி டிஸ்க்கில் இருந்து, நீங்கள் லேப்டாப்பில் பிராக்ஸியை வைத்து எடிட் செய்துகொண்டிருந்தால், அதை அழித்த நொடியே வேலை நின்றுவிடும். நடந்துகொண்டிருக்கும் வேலையின் பிராக்ஸியை விட்டுவிட்டு, முடித்துக் கொடுத்த புராஜெக்ட்களில் ஆரம்பியுங்கள்.

அழித்த பிறகு முதல் முறை திறக்கும்போது மெதுவாகத்தான் இருக்கும். ஆடியோ அலைவடிவம் வர நேரமாகும், டைம்லைன் திக்கும். கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து மூடிவிடாதீர்கள், கேச் புதிதாக எழுதப்படுகிறது. அதனால் வீடியோவை ஒப்படைக்க வேண்டிய நாளுக்கு முந்தின இரவு மட்டும் இந்த வேலை வேண்டாம்.

கையால் அழித்தும் இடம் கூடவில்லை என்றால் முதலில் ரீசைக்கிள் பின்னைப் பாருங்கள். மேக்கில் டிராஷைக் காலி செய்த பிறகும் அப்படியே காட்டினால், மேக்கின் பேக்கப் வசதியான டைம் மெஷின் அதே டிஸ்க்கில் எடுத்து வைத்திருக்கும் ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து டிஸ்க்கின் பதிவு) காரணமாக இருக்கலாம். பெரும்பாலும் ஒரு நாளில் தானாக விலகிவிடும். அப்புறம் இன்னொரு எஸ்எஸ்டி இருந்தால் கேச்சின் இடத்தை அங்கே மாற்றிவிடுங்கள். புராஜெக்ட் வேறு, கேச் வேறு என்று தனித்தனி டிஸ்க்கில் இருந்தால், அடுத்த முறை எதை அழிப்பது என்ற குழப்பமே வராது.