பட்டறைப் பதில்கள்: முறுக்குக் கால், தவாளிப்புக் கால்

கேள்வி: முதிரை மரக் கட்டிலின் முறுக்குக் கால் ஒன்றைக் கொண்டுவந்து, உடைந்த அதன் சோடியைச் செய்து தரச் சொல்கிறார் ஒருவர். கடைசல் மெசினில் போட்டால் வளையம் வளையமாகத்தான் விழுகிறது. இதற்குக் கம்பியூட்டர் மெசின் வேண்டுமா?
– வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: வேண்டாம் தம்பி. மரம் சுழலும்போது உளி வைத்தால் வளையம்தான் வரும். உருளையைக் கடைந்ததும் மோட்டரை நிறுத்திப் பிளக்கையும் கழற்றிவிடுங்கள். அதற்குப் பிறகு கடைசலுக்கு மரத்தைப் பிடித்திருப்பது மட்டும்தான் வேலை.

முறுக்கு ஒரு சுற்றுச் சுற்ற எவ்வளவு நீளம் போகிறது என்று பழைய காலில் அளந்து பாருங்கள். 2 அங்குல விட்டத்தில் இரட்டை முறுக்கு (இரண்டு பள்ளம் சேர்ந்து சுற்றுவது) என்றால் பெரும்பாலும் 4 அங்குலம் அளவில் இருக்கும். உருளையில் நீளவாக்கில் சமதூரத்தில் நான்கு கோடு, குறுக்கே அங்குலத்துக்கு ஒரு வளையக் கோடு. கட்டம் விழுந்துவிடும். கடதாசிப் பட்டியைச் சுற்றிப் பிடித்து, மூலைக்கு மூலை பென்சிலால் இழுத்துக்கொண்டு போங்கள். நான்காவது கட்டம் முடியும்போது புறப்பட்ட நீளக் கோட்டுக்கே வரவேண்டும். வராவிட்டால் அறுக்கும் வாளைத் தொடாதீர்கள். இரண்டாவது முறுக்கு நேர் எதிர்க் கோட்டில் தொடங்கும்.

இந்தக் கோடுகள்தான் பள்ளத்தின் நடு. கைவாளின் அலகில் ஒட்டு நாடா (ரேப்) ஒட்டி, கால் அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆழம் குறித்துக்கொண்டு கோட்டோடு அறுங்கள். பிறகு குழியுளியால் அகட்ட வேண்டும், எப்போதும் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு. ஆகவே பள்ளத்தின் ஒரு கரையை வலமிருந்தும் மறு கரையை இடமிருந்தும் செதுக்க வரும். முதிரையில் நார் பின்னிக் கிடப்பதால் சரியான பக்கத்திலிருந்து செதுக்கினாலும் பிய்யும்; நான் அதற்கு உளியை விட்டு உருண்டை அரத்தைத்தான் எடுப்பேன். அரத்தாளையும் பட்டியாகக் கிழித்துப் பள்ளத்தோடு இழுங்கள். முகத்தை மூடிக்கொள்ளுங்கள், முதிரைத் தூள் சிலருக்குத் தோலையும் அரிக்கும். மரத்தைப் போடுமுன் ஒருதரம் உலோகம் காட்டும் கருவியைப் பிடித்துப் பாருங்கள். எங்கள் பக்கத்து மரத்துக்குள் துப்பாக்கிச் சன்னம் இருக்கும்.

இன்னொன்று: பழைய சோடிக் கால்களில் ஒன்று வலமாகவும் மற்றது இடமாகவும் முறுக்கியிருப்பது வழக்கம். கையில் இருப்பதை அப்படியே பார்த்துச் செய்யாமல், உடைந்த துண்டையும் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: என் கடைசலின் பிரிப்புத் தட்டில் (மரத்தைச் சம பங்காகத் திருப்பி நிறுத்தும் தட்டு) 24 துளை. மேசைக் காலில் நீளத் தவாளிப்பு (நீளவாக்கில் ஓடும் பள்ளம்) 10 போட முடியுமா?
– வாசகர், மாங்குளம்

பதில்: 24ஐப் பத்தாகப் பிரிக்க முடியாது. 8 அல்லது 12 போடுங்கள். கீழே ஒடுங்கும் காலென்றால் ஒடுங்கிய முனையில் கணக்குப் பாருங்கள். அங்கே 12 போட்டால் இடையில் உள்ள வரம்பு கத்திபோல மெலிந்து உடையும், 8 போதும். கடைசலின் மேல் பெட்டி அடித்து, பள்ளம் வெட்டும் ரவுட்டர் மெசினை ஓடவிடும்போது பெட்டியின் விளிம்பு காலின் சரிவுக்குச் சமாந்தரமாக இருக்கட்டும். மட்டமாக வைத்தால் மேலே ஆழமாகவும் கீழே வெறும் கீறலாகவும் வரும்.